சுவரில் பார்த்ததும் தொட்டியில் பார்த்ததும்

எழுபதுகளின் நடுவில் நானும் அண்ணனும் திருப்பதியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். அண்ணன் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நைனாவும் அம்மாவும் சித்தூரில் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் கல்யாணம் ஆகாமல் வேற்றூரில் கிடக்கிறார்களே என்று அவர்களுக்கு மனக்குறை. அதற்கு மேல் அண்ணன் வீட்டில் ஒரு பூச்சி வேறு வளர்க்கிறார் என்பதை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை.

பூச்சி என்றால் சிலந்தி. மலைக்காட்டில் மாணவர்களோடு பூச்சி பிடிக்கப் போனபோது, சாய்ந்து கிடந்த பட்டமரத்தின் பொந்திலிருந்து வந்ததாம். கூட வந்த பேராசிரியர் ஃபார்மலின் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாராம். உயிரோடு நான் வைத்துக்கொள்கிறேன் சார் என்று அண்ணன் கேட்டு வாங்கி, பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். டாரன்டுலா என்றுதான் அவர் அதைச் சொல்லுவார். முன்பக்கம் குடியிருந்த வீட்டு ஓனரம்மாவுக்குத் தமிழ் வரும் என்றாலும், அதை மட்டும் சாலீடு என்று தெலுங்கிலேயே சொல்லுவார், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

"இது இருந்தா நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்" என்றேன் முதல் நாள்.

"சமையல் ரூம் பக்கம் வராது. நாள் முழுக்கப் பசங்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுல ஒண்ணாவது உயிரோட இருக்கட்டுமே" என்றார்.

நான் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் மண்ணும் மரப்பட்டையும் போட்டு, மேலே பலகை மூடி, அதன் மேல் ஒரு செங்கல் வைத்து, முன்னறை ஜன்னலுக்குக் கீழே அதைக் குடிவைத்தார். வெட்டுக்கிளியும் கரப்பானும் பிடித்துப் போடுவார். பட்டைக்குப் பின்னால் கால்களை ஒடுக்கிக்கொண்டு அது கிடக்கும். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் ஒரு முழங்கால், இல்லையென்றால் முதுகில் பாதி தெரியும். எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று நான் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். பெருக்கும்போது தொட்டியைச் சுற்றிப் பெருக்குவேன். சில மாதங்களில் பயம் போய்விட்டது.

ஓனர் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருந்த போர்ஷன்களில் எங்களுக்கு அடுத்ததில் ஒரு தம்பதி இருந்தார்கள். கணவன் யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜில் வேலை பார்த்தான். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுக்குப் பிறந்த ஊர் நகரி. அப்பா தறி நெய்கிறவர். இருபது வயதுகூட இருக்காது. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். நான் டியூட்டி முடித்து வந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்து, ட்ரங்க் காலில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று கேட்பாள். அதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்பேன். "எங்கிட்ட சொன்னா வெளிய சொன்னதாவாக்கா?" என்று சிரிப்பாள்.

அவள் உண்டாகியிருந்தாள். வளைகாப்புக்கு வந்த மாமியார், பிரசவம்வரை இருக்கிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம். சுவரெல்லாம் ஓதம். தொட்டியின் பலகை ஈரத்தில் ஊறி ஒரு மூலையில் வளைந்து தூக்கியிருக்கிறது. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. காலையில் நானும் அண்ணனும் வேலைக்குப் போய்விட்டோம். நான் மத்தியானம் திரும்பி வந்தபோது முற்றத்தில் ஒரு ஈயவாளி கவிழ்ந்து கிடந்தது. ஓனரம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு விழுந்துட்டுது. ரத்தம். ரிக்ஷாவுல ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனாங்க."

"எப்படி விழுந்தா?"

"பாத்ரூமுக்குப் போனா. உள்ள என்னமோ பெரிசாக் கண்டு பயந்து, பின்னாலயே ஓடிவந்து, படியில வழுக்கிட்டா. சாலீடு சாலீடுன்னு கத்துது அந்தப் பொண்ணு. தேவுடா, எவ்ளோ கத்தல்."

குளியலறை எல்லாருக்கும் பொது. முற்றத்தின் கடைசியில், பாசி பிடித்த படிகளுக்கு மேல் இருந்தது. நான் போய்க் கதவைத் தள்ளினேன்.

சுண்ணாம்பு அடித்த சுவரில், குழாய்க்கு மேலே, அது இருந்தது. எட்டுக் கால்களையும் நீட்டிச் சுவரோடு சுவராகப் படிந்திருந்தது. என் கண்ணுக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதுவரை எங்கள் வீட்டுத் தொட்டியில் கிடந்ததுதான் இது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு ஏதோ ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டது என்றே நினைத்தேன். கதவை இழுத்துச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து தொட்டியைப் பார்த்தேன். பலகை தூக்கியிருந்தது. பட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அண்ணன் சாயங்காலம் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டையைக்கூட மாற்றவில்லை. அலுமினியக் குண்டானையும் காலண்டர் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் அதை மூடிப் பிடித்தார். மூடுவதற்கு முன்னால், சுவரில் அதன் பக்கத்தில் விரல்களை விரித்து வைத்து அளந்தும் பார்த்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நான் தட்டு என்று நினைத்தது, தொட்டியில் எலுமிச்சம்பழம் என்று நினைத்தது, இரண்டுமே தப்பு.

"உள்ளே காலை மடக்கி வெச்சிருக்கும். பாதி பட்டை மறைச்சிடும். வெளியே வெறும் சுவத்துல மொத்தமா நீட்டும். அதே பூச்சிதான்" என்றார். அவர் குரல் பாடம் நடத்தும் குரலாக இருந்தது. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். வராந்தாவில் அவள் கணவன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். குழந்தை செத்தே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. அவளுக்குக் காட்டவில்லை என்றார்கள்.

"என் வீட்டுப் பூச்சிதான்பா. மூடி சரியா இல்ல. தப்பு என்னோடது" என்றார் அண்ணன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி சார்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் அவனும் அவன் தாயும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் கண்கள் வீங்கியிருந்தன. பழைய புடவையைக் கிழித்துக் குழந்தைக்கென்று தைத்து வைத்திருந்த துணிகளைக் காலையில் குழாயடியில் நனைத்து, பிழிந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருந்தேன்.

"எங்க கீது அது? காட்டுங்க" என்றார்.

அண்ணன் தொட்டியைக் காட்டினார். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். மூலையில் மண்ணோடு மண்ணாக அது ஒடுங்கிக் கிடந்தது.

"இதுவா?"

"இதுதாம்மா."

"இத்தினிக்கூண்டு பூச்சியப் பாத்தா உழுந்தா? மொறம் அளவு இருந்துச்சி, மொறம் அளவு இருந்துச்சின்னு ஆஸ்பத்திரியில கத்திக்கினு கீறா."

"வெளியே அது பெருசாத்தாம்மா தெரிஞ்சிச்சி. நானும் பாத்தேன்" என்றேன்.

"தொட்டியில சின்னதாக் கீறது செவுத்துல ஏறினா பெருசாயிடுமா? இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு."

காலை மடக்கியிருக்கிறது என்று அண்ணன் விளக்க முயன்றார். அதை நீட்ட வைக்கலாம் என்று பிரஷ் காம்பால் மெல்லத் தொட்டார். தொடத் தொட அது இன்னும் சுருங்கியது. அந்த அம்மாள் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"பாத்துக்கினியா? ஓடாதே ஆடாதேன்னு நான் தலபாடா அடிச்சிக்கினேன். குதிச்சி ஆடி எம்பேரனக் கொன்னுட்டு, பூச்சின்னு கத கட்றா."

அவன் தாயின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக் கதவோரம் வைப்பார்கள். நான் டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன். பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். ஒருநாள் மாமியார் கடைக்குப் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களும் பாத்தீங்கன்னு சொன்னாங்களே. எம்மா பெருசு?"

"பெருசுதான். நான் பயந்துட்டேன்."

"சின்னது சின்னதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒருவாட்டி பாக்கணும்."

கையைப் பிடித்து மெதுவாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அது வழக்கம்போல் பட்டைக்குப் பின்னால். கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது அழுகையோ பயமோ. அவள் முகத்தில் இரண்டும் இல்லை.

"இது இல்லக்கா" என்றாள்.

"இதேதான்மா. அண்ணன் பிடிச்சிக்கினு வந்ததை நான் பாத்தேன்."

"இல்ல. நான் பாத்தது வேற. அது இன்னும் இங்கதான் எங்கியோ கீது."

அன்றிலிருந்து அவள் குளியலறைப் பக்கம் போகவில்லை. உறியில் பானை ஆடினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தலைக்கு மேல் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னொன்று இருக்கிறது, பெரியது இருக்கிறது என்று கணவனிடமும் சொல்லியிருக்கிறாள். மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. பொய் சொல்கிறாள் என்றவர், இப்போது காற்று பிடித்திருக்கிறது என்றார். புத்தூர்ப் பக்கத்திலிருந்து பேய் ஓட்டுகிற ஆள் ஒருவரைக் கூட்டிவந்தார்கள்.

அன்று எனக்கு வார விடுமுறை. நடுமுற்றத்தில் அவளை உட்கார வைத்து, தலையை விரித்துப் போட்டு, அந்த ஆள் வேப்பங்குலையால் அடித்தார். யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று தெலுங்கில் கேட்டார். அவள் தமிழில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் பாத்தேன், நான் பாத்தேன்." உடம்பு இன்னும் தேறவில்லை. புடவையில் மறுபடி ரத்தம் பட்டிருந்தது. நான் போய் நடுவில் நின்றேன். ஓனரம்மாவும் சத்தம் போட்டார். அந்த ஆள் குலையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த அமாவாசைக்கு மறுபடி வரவேண்டியிருக்கும் என்று சொல்லிப் போனார்.

அண்ணன் கல்லூரியிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வேப்பிலை இன்னும் முற்றத்தில் சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வெளியே விட்டுத்தான் காட்டணும்" என்றார்.

"ஓடிப்போயிட்டா?"

"பகல் வெளிச்சத்துல ஓடாது. கொஞ்ச தூரம் பாஞ்சிட்டு நின்னுடும். எல்லாரும் பாக்கட்டும். அவளும் பாக்கட்டும்."

"அவங்க அதை விட்டுவைப்பாங்களா?"

அவர் குனிந்து வேப்பிலையைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்கு ஆராதனைக்குப் போகவில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு அண்ணன் தொட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்தார். ஒவ்வொரு வாசலாகப் போய்க் கூப்பிட்டார். ஓனர் குடும்பம், மற்றக் குடித்தனக்காரர்கள், அவள் கணவன், மாமியார் எல்லாரும் வந்தார்கள். நான் அவளைக் கூட்டிவந்து துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

"இப்ப தொட்டியில பாருங்க. இவ்ளோதானே?" என்றார் அண்ணன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இவ்ளோதான் என்று தலையாட்டினார்கள்.

தொட்டியைச் சுவரோடு சாய்த்து வைத்து, பலகையை எடுத்து, பிரஷ்ஷால் பின்னாலிருந்து தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை தள்ளியதும், கண் பிடிக்காத வேகத்தில் அது சுவரில் பாய்ந்து ஏறி ஆள் உயரத்தில் நின்றது. நின்று, ஒவ்வொரு காலாக நீட்டியது. முன்கால்களைத் தூக்கியபோது அடியில் மஞ்சள் பளீரென்று தெரிந்தது. காலை வெயிலில் அதன் நிழலும் சுவரில் விழுந்து, எது கால் எது நிழல் என்று பிரிக்க முடியவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தார்கள். ஓனரம்மா சாமி பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். தொட்டி மட்டும் காலியாக, சின்னதாகக் கீழே இருந்தது. அதற்குள்ளா இது கிடந்தது என்று யாரோ கேட்டார்கள்.

"இதான்" என்றாள் அவள். "அக்கா, இதான். இதேதான்." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் அவள் கணவனைப் பார்த்தார். "பாத்தியாப்பா? அவ பொய் சொல்லல. அவளக் காத்து பிடிக்கவும் இல்ல. இதத்தான் பாத்தா."

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினான். அண்ணனுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அவர் கை கொஞ்சம் எழுந்தது. எழுந்து, அப்படியே இறங்கிவிட்டது. அவன் அடித்தான். ஒரே அடி. அது கீழே விழுந்து, கால்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, கை மூடினாற்போல் சுருண்டது. அதற்குப் பிறகும் அவன் சுவரையே அடித்துக்கொண்டிருந்தான், சுண்ணாம்பு உதிர உதிர. அவன் அழுததும் அப்போதுதான்.

யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஓய்ந்து அவன் உள்ளே போனதும், மாமியார் துடைப்பத்தை எடுத்துவந்தார். கீழே கிடந்ததைத் துடைப்பத்தின் நுனியால் புரட்டிப் பார்த்தார். மறுபடி அது எலுமிச்சம்பழ அளவுதான்.

"பாரு. இவ்ளோதான் கீது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்சநேரம் முன்னால் வாயைப் பொத்தியவர் அவர்தான். சாக்கடையில் தள்ளிவிட்டு, துடைப்பத்தைத் தட்டி மூலையில் சாத்திவிட்டுப் போனார்.

பேய் ஓட்டுகிற ஆள் பிறகு வரவில்லை. ஓனரம்மா அவரை வாசல்படி ஏறவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவளும் கூரையைப் பார்ப்பதை நிறுத்தினாள். குளியலறைக்குத் தனியாகப் போக ஆரம்பித்தாள். ஆனால் வீட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை. பூச்சியைப் பார்த்தது நிஜமென்றே வைத்துக்கொண்டாலும், அதற்காக ஓடலாமா, வயிற்றில் குழந்தை இருக்கிறவள் நின்ற இடத்தில் நிற்கவேண்டாமா என்று மாமியார் பேச்சை மாற்றிக்கொண்டார். பொங்கலுக்கு முன்னால் நகரியிலிருந்து அவள் அப்பா வந்தார். வாசலில் நின்றே இரண்டு வார்த்தை பேசினார். அவளும் ஒரு டிரங்குப் பெட்டியும் அவரோடு ரயிலுக்குப் போனார்கள். அண்ணன் வெளியே வந்து நின்றார். அவள் அப்பா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணனால் பதிலுக்குக் கும்பிட முடியவில்லை. கைகள் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த வருஷமே அண்ணன் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். விலங்கியல் வேண்டாம் என்று கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டார். மீன், கிளி, நாய் எதையும் அதன் பிறகு வளர்க்கவில்லை. தொட்டி எங்கே போயிற்று என்று நான் கேட்டதும் இல்லை.

எண்பதுகளில், எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் பிறந்த பிறகு, ஒருமுறை நகரி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்று ஒரு குரல். ரொம்ப உரக்க. பவர்லூம் ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் காது மந்தமாகி எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று பிறகு அவளே சொன்னாள்.

கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஒரு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்களாம், போகவில்லை. அப்பா போய்விட்டார். தம்பி வீட்டில் இருக்கிறாள். இதையெல்லாம் கடகடவென்று சொன்னாள். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "சார் நல்லா கீறாரா?" என்றாள்.

"இருக்கார். உன்னப் பத்தித்தான் அடிக்கடி கேப்பார். எனக்கே தெரியாது, என்னத்த சொல்ல."

"அன்னிக்கி அவுரு செவுத்துல வுட்டுக் காட்டலன்னா, நான் நெஜமாவே பைத்தியம்னு நானே நம்பியிருப்பேன்க்கா. அவுருகிட்ட சொல்லுங்க." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவுரு அத வளக்காம இருந்திருந்தா எம்புள்ளைக்கி இப்ப பத்து வயசு இருக்கும். அத சொல்லாதீங்க."

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஷெட்டில் சங்கு ஊதியது. வரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். படியில் விழுந்ததில் அடிபட்ட இடுப்பெலும்பு சரியாகச் சேரவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சித்தூருக்கு வந்ததும் அண்ணனிடம் அவளைப் பார்த்தேன் என்று சொன்னேன். கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

"நல்லா இருக்காளா?"

அவள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உடம்பு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.